நாற்பத்தொன்றாம் படியின் வெறுமை

கொத்தனாருக்குத் தன் சகலை மேல் பொறாமை இருந்தது என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்த விஷயம். கல்யாணமான நாளிலிருந்தே இருந்தது. சகலை திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். கார் வைத்திருந்தார். ஐம்பதை நெருங்கியும் தலை நிறைய முடி வைத்திருந்தார். கொத்தனார் ஒரு செய்தியைக் கொண்டு போனால் மாமியார் வீட்டில் 'அப்படியா' என்பார்கள்; அதே செய்தியைச் சகலை கொண்டு போனால் எழுந்து உட்கார்ந்து கேட்பார்கள். இதெல்லாம் சேர்ந்து கொத்தனாரின் வயிற்றில் இருபது வருடமாகக் கனன்றுகொண்டிருந்தது. இருந்தாலும் அது ஒரு மிதமான பொறாமை. லேசாக வலிக்கும் பல்லோடு மனிதர் காலம் தள்ளுவதில்லையா, அந்த மாதிரி. அதை ஊதிப் பெரிதாக்கி, அரசாங்கச் செலவில் வளர்த்து ஆளாக்கிய பெருமை தொன்மைப் பேணல் வாரியத்தையே சேரும்.

கீழ்த் தெருவையும் மேல் தெருவையும் இணைக்கும் கல் படிக்கட்டுக்குப் பெரிய படி என்று பெயர். மொத்தம் எழுபத்து மூன்று படிகள். உச்சிக் கல்லில் வெட்டியிருந்த ஆண்டுக் கணக்குப்படி அதற்கு வயது நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள், தபால்காரர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காதலிக்கிறவர்கள் எல்லாரும் அதில்தான் ஏறி இறங்கினார்கள். சுற்றுச் சாலை வழியாகப் போனால் முக்கால் மணி நேரம். படியில் போனால் ஆறு நிமிடம்.

கொத்தனாரின் வீட்டு வாசல் இருபதாம் படியில் இருந்தது. பதினெட்டு வருடமாக எந்தக் கல் ஆட்டம் கண்டாலும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சாந்து பூசும் கரணையை எடுத்துக்கொண்டு போய், வேலைத்தளத்தில் மீந்த சுண்ணாம்புக் கலவையைப் போட்டு உட்கார வைத்துவிட்டு வருவார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. யாரும் நன்றி சொன்னதுமில்லை. அதைத் தான் எதிர்பார்க்கவில்லை என்று ஊரில் சொல்லுவார். ஒருத்தராவது சொல்லியிருக்கலாம் என்று மனைவியிடம் சொல்லுவார்.

நாற்பத்தொன்றாம் படி மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை. பக்கத்தில் ஓடும் மழைநீர் வாய்க்கால் உடைந்து, தண்ணீர் அந்தப் படியின் அடி மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. வாய்க்காலின் மூடிக் கல் அரசாங்கச் சொத்து, அனுமதியில்லாமல் திறக்கக் கூடாது. அனுமதி கேட்டு மூன்று மனு போட்டார். மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. முதல் மனுவின் நகலை இணைத்து அனுப்பும்படி அதில் எழுதியிருந்தது.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை காலையில் படியின் அடியில் பெரிய பதாகை ஒன்று தொங்கியது. 'நம் படி, நம் வண்ணம், நம் நாளை. சமூகக் கலை வழியே தொன்மை காப்போம்.' அதைக் கட்டுவதற்காகப் பக்கச் சுவரில் எட்டு ஆணி அடித்திருந்தார்கள். கற்களின் இணைப்பு பார்த்து அடிக்காமல் கல்லிலேயே அடித்திருந்ததால் நான்கு கற்கள் கீறிவிட்டிருந்தன. கொத்தனார் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த வாரக் கடைசியில் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். வாரியத்தின் துணை இயக்குநர் வந்திருந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"இந்தப் படியை நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா பார்த்தேன். கார்ல உட்கார்ந்தபடியேதான் பார்த்தேன். பார்த்த உடனே மனசு பதறிடுச்சு. நூத்து முப்பது வருஷமா இதை யாருமே பாதுகாக்கல! அப்படியும் இது நிக்குது. எப்படி நிக்குதுன்னே எங்களுக்குப் புரியல. எங்க வாரியம் பாதுகாத்த மத்த இடங்களை எல்லாம் நீங்க ஒரு தடவை பார்க்கணும். இப்பப் பார்க்க முடியாது, அதெல்லாம் போயிடுச்சு. ஆனா ஒவ்வொண்ணைப் பத்தியும் ஒரு புத்தகம் போட்டிருக்கோம். நல்ல வழவழப்பான தாள்."

மண்டபம் கைதட்டியது.

"ஒண்ணை வெளிப்படையா சொல்லிடறேன். பழுது பார்க்க எங்ககிட்ட ஒதுக்கீடு கிடையாது. பழுதைக் கொண்டாட ஒதுக்கீடு இருக்கு. அதனால நீங்க எல்லாரும் ஆளுக்கொரு படியை எடுத்து வண்ணம் பூசப் போறீங்க. கல் பாட்டுக்குக் கல்லா கிடந்தா அது பழசுன்னு யாருக்குத் தெரியும்?"

கொத்தனார் எழுந்தார். நாலு பேருக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லாததால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, நாற்பத்தொண்ணாம் படிக்குக் கீழ வாய்க்கால் உடைஞ்சு மண்ணு அரிக்குது. மேல பூசறதுக்கு முன்னாடி அதை அடைச்சுட்டா நல்லது."

"அருமை!" என்றார் துணை இயக்குநர். "இதுதான் சமூகத்தோட குரல். பதிவு பண்ணுங்க."

ஒருங்கிணைப்பாளர் பெண் ஒரு மஞ்சள் தாளோடு ஓடி வந்தாள். சுவரில் மூன்று அட்டைகள் மாட்டியிருந்தன: நினைவுகள், கனவுகள், உணர்வுகள்.

"வாய்க்கால் உடைஞ்சது எதுல வரும் சார்? நினைவா, கனவா?"

"அது உடைசல்மா."

"உடைசலுக்கு அட்டை இல்லையே சார். உணர்வுல ஒட்டிடறேன்."

ஒட்டினாள். அதற்குள் முன்வரிசையில் சகலை எழுந்துவிட்டார். சகலை அந்தத் தெருவே இல்லை. நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தார். முழங்கால் வலி வந்த பிறகு, பதினோரு வருடமாக அவர் பெரிய படியில் கால் வைத்ததில்லை. அவர் மைக்கைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"இந்தப் படியில ஒவ்வொரு தடவை ஏறும்போதும், நான் எனக்குள்ளயே ஏறுற மாதிரி இருக்கும்."

துணை இயக்குநர் கைக்குட்டையை எடுத்தார். ஒருங்கிணைப்பாளருக்கு மூன்று அட்டையிலும் ஒட்ட வேண்டியிருந்தது. 'ஒவ்வொரு முறை விலக்கும்போதும் உங்களுக்குள்ளேயே ஒரு ஜன்னல்' என்று சகலையின் கடைப் பலகையில் எழுதியிருப்பது கொத்தனாருக்குத் தெரியும். எழுந்து சொல்லலாமா என்று யோசித்தார். அதற்குள் சகலையைச் சமூக முதுநிலைக் கலைஞராக அறிவித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி சொன்னாள்: "அத்தான் எப்படிப் பேசினார், பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நீங்களும்தான் பேசினீங்க. வாய்க்கால்னு."

அடுத்து விண்ணப்பப் பாரம் வந்தது. பதினான்கு பக்கம். 'படியுடன் தங்கள் உறவு' என்ற இடத்தில் பரம்பரை, உணர்வு, கலை, மற்றவை என்று நான்கு கட்டம் இருந்தது. கொத்தனார் 'மற்றவை'யில் கோடு போட்டு, பக்கத்தில் 'ரிப்பேர்' என்று எழுதினார். படியில் ஏறியதற்குச் சான்றாகப் பழைய புகைப்படம் ஒன்றும் கேட்டிருந்தார்கள். பதினெட்டு வருடமாகத் தினமும் ஏறி இறங்கியவரிடம் புகைப்படம் ஏது? சகலையிடம் இருந்தது. முன்பு ஒரு கல்யாண நாளன்று அந்தப் படியில் மனைவியோடு நின்று எடுத்த படம். அதே படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது குடை பிடித்துக்கொண்டிருந்த கொத்தனாரின் முழங்கை. முழங்கையைச் சான்றாக ஏற்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது.

ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒட்டப்பட்ட அன்று தெருவே திரண்டு நின்றது. சகலைக்கு நாற்பத்தொன்றாம் படி. நட்ட நடுவில், திருப்பத்தில், கீழிருந்து அண்ணாந்தாலும் மேலிருந்து குனிந்தாலும் முதலில் கண்ணில் படும் படி. கொத்தனாருக்குப் படி எண் ஒன்று, இடது பாதி. வலது பாதி சலவைக் கடைக்காரருக்கு.

"பாதிப் படியா?" என்று கேட்டார் கொத்தனார்.

"கூட்டுப் படைப்பு சார்" என்றாள் ஒருங்கிணைப்பாளர். "அது ரொம்ப உயர்ந்த விஷயம்."

"எல்லாத்துக்கும் கீழ இருக்கே?"

"அடித்தளம் சார்!"

பூசத் தொடங்கும் முன் மூன்று நாள் பயிலரங்கம் கட்டாயம். முதல் நாள் தூரிகையைக் கையில் பிடிக்காமல் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள், ஏற்கெனவே பூச்சு வேலை தெரிந்தவர்கள் தெரிந்ததை மறந்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அந்த வகையில் கொத்தனார் ஒருவர்தான் இருந்ததால் எல்லாரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கல்லில் காது வைத்து அது பேசுவதைக் கேட்க வேண்டும். தச்சரிடம் அவர் கல் அம்மாவைப் பற்றிப் பேசியது. சலவைக் கடைக்காரரிடம் அமைதியைப் பற்றிப் பேசியது. கொத்தனார் நேராக நாற்பத்தொன்றாம் படிக்குப் போய்க் கரணையின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"என்ன சொல்லுது சார்?" என்று ஒருங்கிணைப்பாளர் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"உள்ள ஒண்ணுமில்ல, காலியா இருக்கேன்னு சொல்லுதும்மா."

அவள் கண்ணைத் திறந்தாள். உடம்பு சிலிர்த்தது அவளுக்கு. "வெறுமை!" என்றாள். அதைத் தாளில் எழுதி, இரண்டு கோடு போட்டாள். மேல் தெரு வழியாக இறங்கி வந்து, பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த சகலை அந்தத் தாளை எட்டிப் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்துப் படிக்கட்டு பளபளவென்று தயாரானது. கொத்தனார் தன் பாதியில், சுவரின் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை அதன் நீர்க்குமிழியோடு வரைந்திருந்தார்; மீன் தொட்டி நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். சகலை நாற்பத்தொன்றாம் படியில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம் போட்டு, அதற்கு 'வெறுமை' என்று பெயர் வைத்திருந்தார். அதைப் பற்றித் துணை இயக்குநர் மட்டுமே இருபது நிமிடம் பேசினார். பத்திரிகையில் சகலையின் படம் வந்தது. 'கல்லின் காலியான நெஞ்சைக் கேட்டவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் கொத்தனாரின் பொறாமை எல்லை மீறியது. காரையும் தலைமுடியையும் மன்னித்துவிட்டவர் அவர். ஆனால் அந்தச் சொல் அவருடையது. தன் காதால் கேட்டு, தன் கரணையால் தட்டிக் கண்டுபிடித்தது. வேலைத்தளத்தில் அன்று கட்டிய சுவர் இரண்டு அங்குலம் சாய்ந்துவிட்டது. இடித்துத் திரும்பக் கட்டினார்.

"ஏங்க, அவர் கேட்டதை எழுதினார், அவ்வளவுதானே" என்றாள் மனைவி.

"அவர் கேட்கலடி. நான் கேட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்."

"சரி, நீங்க கேட்டதை நீங்களே வரைஞ்சிருக்கலாமே. மீன் தொட்டி எதுக்கு வரைஞ்சீங்க?"

வண்ணம் காய மூன்று நாள் யாரும் ஏறக் கூடாது என்று கயிறு கட்டினார்கள். நான்காம் நாள் கயிறு அப்படியே இருந்தது. கூடவே ஓர் அறிவிப்பும் வந்திருந்தது. பாதங்கள்தான் வண்ணத்தின் முதல் எதிரி என்று ஆய்வில் தெரிய வந்திருப்பதால், படியைக் காப்பதற்காகப் படியில் ஏறுவது நிறுத்தி வைக்கப்படுகிறது. மாற்றாகக் கீழ்த் தெருவில் ஒரு பார்வை மேடை அமைத்தார்கள். அதில் நின்று படியைப் பார்க்கலாம். மேடையில் ஏற எட்டுப் படிகள் இருந்தன, இரும்பில்.

பள்ளிப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்தார்கள். தபால்காரர் மேல் தெருவுக்குச் செவ்வாய், வெள்ளி மட்டும் வருவதாகச் சொல்லிவிட்டார். மற்றவர்களாவது சுற்றிப் போனார்கள். இருபதாம் படியில் வீட்டை வைத்துக்கொண்ட கொத்தனார் எப்படிச் சுற்றிப் போவார்? மனு போட்டார். இந்த முறை பதில் உடனே வந்தது. அவருக்கும் அவர் மனைவிக்கும் 'வசிப்பிடப் படிச் சீட்டு' வழங்கப்பட்டது. ஒன்று முதல் இருபது வரை, சுவர் ஓரமாக, கம்பளி உறை மாட்டிய கால்களோடு ஏறலாம். சீட்டை வாரா வாரம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கச் சமூக முதுநிலைக் கலைஞரின் கையெழுத்து வேண்டும்.

கொத்தனார் அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் திரைச்சீலைக் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் உட்காரும் மெத்தை நாற்காலியில் காத்திருந்து, சொந்த வீட்டுக்குள் போகச் சகலையிடம் கையெழுத்து வாங்கினார்.

"வா சகல, உட்காரு. ஒரு நிமிஷம்" என்பார் சகலை. அந்த ஒரு நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆகும். பிறகு பேனாவைத் தேடுவார். தேடிய பேனா சட்டைப் பையிலேயே இருக்கும். சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "கால் உறை மாட்டிக்கறீங்கல்ல ரெண்டு பேரும்? எனக்கு ஒண்ணுமில்ல. கேட்டாங்கன்னா பதில் சொல்லணும்ல."

"மாட்டிக்கறோம்."

"நல்லது. கலையை நாமதான் மதிக்கணும்."

மழைக்காலம் வந்தது. கம்பளி உறை நனைந்து, காலில் இரண்டு ஈரப் பூனைகளைக் கட்டிக்கொண்ட மாதிரி கொத்தனார் வீட்டுக்கும் தெருவுக்கும் போய்வந்தார். வாசலில் உட்கார்ந்தால் மேலே வாய்க்கால் தண்ணீர் வழி மாறிப் போகும் சத்தம் கேட்கும். மண் போகிறது, போகிறது என்று கணக்குப் போடுவார். கணக்குப் போடும்போது மனசுக்கு இதமாக இருந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. தொன்மைப் பேணலுக்கான பெரிய விருதின் இறுதிச் சுற்றுக்கு நம் படி தேர்வாகியிருக்கிறது. வெளியூரிலிருந்து நடுவர் குழு வருகிறது. அன்று நாற்பத்தொன்றாம் படியில் சமூக முதுநிலைக் கலைஞர் குடும்பத்தோடு நிற்பார். அவரைச் சுற்றிப் பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகள் நின்று பாடுவார்கள்.

கொத்தனார் ஒருங்கிணைப்பாளரிடம் போனார். "அம்மா, அந்தப் படி அத்தனை பேரைத் தாங்காது. உள்வாங்கிடும்."

"சார், இதை நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்களே? உணர்வுல ஒட்டியாச்சே?"

சகலையிடம் போனார். சகலை பேனாவை எடுத்தார்.

"சீட்டுக்கு வரல சகல. அந்தப் படியில நிக்காதே. உள்ள காலியா இருக்கு. நிஜமாவே காலி. இடுப்பு ஆழத்துக்கு இருக்கும்."

சகலை பேனாவை மூடி மேசையில் வைத்தார். அவர் பார்வையில் கோபமில்லை, பரிதாபம் இருந்தது. அதுதான் கொத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"உனக்குப் பொறாமை சகல."

"பொறாமை வேற, படி வேற."

"உன் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு. பொறாமை இல்லையா உனக்கு?"

கொத்தனார் பொய் சொல்லிப் பழகாதவர். "இருக்கு" என்றார்.

"பார்த்தியா?" என்றார் சகலை. பேச்சு அதோடு முடிந்தது.

கொத்தனார் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தார். போகட்டும், விழட்டும் என்று நினைத்தார். நினைத்த கையோடு அந்தக் காட்சி கண் முன்னால் வந்தது. கறுப்பு வட்டம் பிளக்கிறது. சகலை இடுப்பு வரைக்கும் உள்ளே போகிறார். கொத்தனார் அதை ரசித்தார், இரண்டாவது தடவையும் பார்த்தார். மூன்றாவது தடவை பார்க்கும்போது காட்சி நீண்டுவிட்டது. துணை இயக்குநர் மைக்கைப் பிடிக்கிறார். 'தன் வெறுமைக்குள்ளேயே விழுந்த மாபெரும் கலைஞர்' என்கிறார். கூட்டம் அழுகிறது. அந்த இடத்தில் சகலைக்குச் சிலை வைக்கிறார்கள். சிலைக்கும் தலை நிறைய முடி.

கொத்தனார் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும், மனைவியின் அக்காவும் அவர் மனசில் வராமலில்லை, வந்தார்கள். ஆனால் யாராவது கேட்டால் சிலையைத்தான் காரணமாகச் சொல்லியிருப்பார். அதற்கு மட்டும் இடம் கொடுக்க முடியாது.

மறுநாள் மதியம் வாரியத்து ஆட்கள் எல்லாரும் பார்வை மேடைக்குப் பின்னால் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், கால் உறையை மாட்டிக்கொண்டு, கடப்பாரை, சாந்துச்சட்டி, கரணையோடு சுவர் ஓரமாகவே ஏறினார். இருபதைத் தாண்டியபோது ஒரு முறை கீழே திரும்பிப் பார்த்துக்கொண்டார். வாய்க்காலின் மூடிக் கல்லை நெம்பினார். உடைப்பை அடைத்தார். பக்கவாட்டில் கையை விட்டு, படியின் அடியில் கல்லாக அடுக்கி, இடையில் சல்லியை இடித்து இறக்கி, கலவையைத் திணித்தார். மூன்று மதியங்கள் இப்படிப் போயின. சகலையின் கறுப்பு வட்டத்தில் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டார். நடுவில் ஒரு முறை வட்டத்தின் மேல் முழங்கையை ஊன்ற வேண்டியிருந்தது. ஊன்றினார், கொஞ்சம் அதிக நேரமே ஊன்றினார்.

விழா நாளில் பிள்ளைகள் பாடினார்கள். சகலை குடும்பத்தோடு நின்றார். படி அசையவில்லை. கீழே மேடைக்குப் பின்வரிசையில் நின்ற கொத்தனார், தன் வாழ்நாளிலேயே நன்றாகச் செய்த வேலையின் மேல் தன் சகலை நின்று மாலை வாங்கிக்கொள்வதைப் பார்த்தார்.

எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். நடுவர் குழுவில் ஒருவர் மட்டும் கையில் சிறிய சுத்தி வைத்திருந்தார். அவர் குனிந்து கறுப்பு வட்டத்தைத் தட்டினார். 'ணங்' என்றது. திரும்பவும் தட்டினார். நிமிர்ந்தவர் முகம் மாறியிருந்தது.

"இது கெட்டியா இருக்கே?" என்றார். "வெறுமை எங்கே?"

இரண்டு நாளில் விசாரணை வைத்தார்கள். கொத்தனாரின் நகக் கண்களில் சுண்ணாம்பு இருந்தது, அவர் மறைக்கவுமில்லை. குற்றச்சாட்டைத் துணை இயக்குநரே படித்தார். "கலைப்படைப்பின் கருப்பொருளாகிய வெறுமையை, உரிய அனுமதியின்றி, கல், சல்லி, சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொண்டு நிரப்பியது. ஒத்துக்கறீங்களா?"

"நிரப்பினேங்க. விழுந்திருப்பாங்க, அதான்."

"யாரைக் கேட்டு நிரப்பினீங்க? அது வாரியத்தோட சொத்து. பதிவேட்டுல ஏத்தியிருக்கோம். நீளம், அகலம், ஆழம் எல்லாம் எழுதி நான் கையெழுத்து போட்டிருக்கேன்."

கொத்தனாருக்குச் சட்டென்று புரியவில்லை. "அளந்தீங்களா? அப்ப உள்ள காலியா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியாம எப்படிய்யா பாதுகாக்கிறது?" என்றார் துணை இயக்குநர். "பழுதைச் சரி பண்ணிட்டா, அப்புறம் எங்களுக்கு என்ன வேலை? உங்களை மாதிரி ஆளுங்க நாட்டுல பத்துப் பேர் இருந்தா போதும், இந்த வாரியமே இருக்காது."

தண்டனையும் தயாராக இருந்தது. கொத்தனாரின் படிச் சீட்டு ரத்து. அடைத்த கையாலேயே அவர் வெறுமையை மீட்டுத் தர வேண்டும், பதிவேட்டில் உள்ள அதே அளவில். மீட்டுத் தரும் வரை வீட்டுக்குப் போகக் கூடாது. அறையின் ஓரத்தில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருந்தாலும்" என்றார் துணை இயக்குநர், "விதிப்படி கலைஞரோட கருத்தைக் கேட்கணும். அவர்தான் பாதிக்கப்பட்டவர்."

எல்லாரும் கிளம்பிப் படிக்குப் போனார்கள். முழங்கால் வலியோடு சகலை கீழிருந்து நாற்பத்தொரு படியும் ஏறியதைக் கொத்தனார் அன்றைக்குத்தான் பார்த்தார். இன்றைக்கு என் கதை முடிந்தது என்று நினைத்தார். சகலை உட்கார்ந்து, மெல்லக் குனிந்து, வட்டத்தின் நடுவில் காதை வைத்தார். ஒரு விரலால் தட்டினார். ஒருங்கிணைப்பாளர் மஞ்சள் தாளைத் தயாராக எடுத்துக்கொண்டாள்.

"இருக்கு" என்றார் சகலை.

"என்ன இருக்கு?"

"வெறுமை இருக்கு. முன்னாடி மேலோட்டமா இருந்துச்சு. சுத்தியால தட்டினா யார் வேணாலும் கேட்கிற மாதிரி. இப்ப ஆழத்துக்குப் போயிடுச்சு. கலைஞன் காதுக்கு மட்டும்தான் கேட்கும். கல்லு வெச்சு அடைச்சா அடங்குற விஷயமா சார் அது?"

துணை இயக்குநரும் குனிந்து காதை வைத்தார். வைத்த பிறகு கேட்கவில்லை என்று சொல்ல அவர் என்ன பைத்தியமா? "ஆமா" என்றார் மெல்ல. "ரொம்ப ஆழத்துல." பதிவேட்டைத் திறந்து, ஆழம் என்ற இடத்தில் இருந்த எண்ணை அடித்துவிட்டு 'அளவிட இயலாதது' என்று எழுதினார். வெறுமை போகவில்லை என்றானதால் தண்டனையும் ரத்தானது, விருதும் வந்து சேர்ந்தது.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு சகலை அந்தப் படியிலேயே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் இரண்டு படி கீழே நின்றார்.

"அன்னைக்கு நீ கடைக்கு வந்து சொன்னப்ப நம்பாத மாதிரி அனுப்பிட்டேன்" என்றார் சகலை. "மறுநாளே காலையில வந்து ஒத்தக் கால் வெச்சுப் பார்த்தேன் சகல. உள்ள என்னவோ சரிஞ்சுது. ஆனா பேரெல்லாம் அச்சடிச்சாச்சு, எந்த மூஞ்சியோட வேண்டாம்னு சொல்றது? விழா அன்னைக்குப் பயந்துக்கிட்டேதான் ஏறினேன். கால் வெச்சா, பாறை மாதிரி இருக்கு. யார் வேலைன்னு உடனே தெரிஞ்சுது."

கொத்தனார் இரண்டு படி ஏறினார். கையைக் கொடுத்துச் சகலையைத் தூக்கிவிட்டார். இரண்டு பேரும் உறை மாட்டாத கால்களோடு இறங்கினார்கள்.

விருது வாங்கிய கையோடு வாரியம் ஊருக்கு வெளியே இருந்த பழைய பாலத்தைப் பாதுகாக்கப் போய்விட்டது. கயிற்றை அவிழ்க்க யாருக்கும் உத்தரவு இல்லாததால் அது தானாக நைந்து விழுந்தது. முதலில் பிள்ளைகள் ஏறினார்கள், பிறகு தபால்காரர். அடுத்த மழை முடிவதற்குள் வட்டமும் மீன் தொட்டியும் தேய்ந்து போய்ப் பழைய கல் வெளியே வந்தது. நாற்பத்தொன்றாம் படி அசையாமல் கிடந்தது.

ஆனால் விசாரணைக் கதையை மட்டும் தெரு மறக்கவில்லை. தன் கலையே போனாலும் பரவாயில்லை என்று தன் சகலையான கொத்தனாரைக் காப்பாற்றிய மனிதர் என்று திரைச்சீலைக் கடைக்காரரைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். சலவைக் கடைக்காரர் கொத்தனாரையே நிறுத்தி வைத்து அதை விவரமாகச் சொன்னார். படியடியில் கல் அடுக்கியது பற்றி அவர் சொல்லவில்லை. சட்ட விரோதமான விஷயத்தைத் தெருவில் வைத்து எதற்குப் பேச வேண்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி வாசலில் உட்கார்ந்து, ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுங்க, அத்தானுக்கு எவ்வளவு பெரிய மனசு. வேற யாராவது இருந்தா உங்களை மாட்டிவிட்டிருப்பாங்க. இல்லையா?"

கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கழுவினார், மறுபக்கம் கழுவினார், பிடியைக் கழுவினார், கழுவியதைத் துணியால் துடைத்தார். "ஆமா" என்றார் கடைசியில். அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவர் பட்ட பாட்டுக்கு, மூன்று மதியம் கல் அடுக்கியது ஒன்றுமேயில்லை.